ரெஃபரிக்குத் தெரியும்

“ரெஃபரிக்கு முன்னாடியே தெரியுமாம்டா” என்று சொல்லிக்கொண்டேதான் சீலன் கம்பெனி பஸ்ஸில் ஏறினான். தெரிந்துவிட்டது, எவனோ சொல்லிவிட்டான், இதோ வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒண்டிய பிறகுதான் ரெஃபரி என்ற சொல் ஏகாம்பரத்தின் காதில் முழுதாக ஏறியது. ரெஃபரி. அதாவது மல்யுத்தம். சீலன் கையில் போன், போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனின் பேட்டி, சீலன் முகமெல்லாம் சிரிப்பு. இருபது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் டிவிக்காக நடந்த சண்டை ஒன்றைப் பற்றிப் புதுச் செய்தி கிடைத்துவிட்டது, அதைச் சுடச்சுடப் பரிமாற வந்திருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஏகாம்பரத்துக்கு நேற்று மத்தியானத்திலிருந்து குறுகுறுத்தபடிதான் இருக்கிறது. கேன்டீனில் எவனாவது “மச்சான், ஒண்ணு தெரியுமா” என்று ஆரம்பித்தால் போதும், உருட்டிய சோறு கையிலேயே நின்றுவிடுகிறது. இப்போது மூச்சு திரும்பி வந்தது, வந்ததும் சிரித்தான், சிரித்துவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. சீலன் வழக்கம்போல அவனை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவர் கையிலும் ஒரே ரப்பர் நாற்றம். கார் கதவைச் சுற்றி ஒட்டுகிற கறுப்பு ரப்பர் பட்டியை ஒரே லைனில், எதிரெதிரே நின்று, ஒன்பது வருஷமாக வெட்டுகிறவர்கள். எந்த சோப்புக்கும் அது போகாது. பின்சீட்டிலிருந்து வாலாஜாபாத் அன்வர் பாஷாவும் காஞ்சிபுரம் லோகுவும் ஏற்கெனவே முன்னுக்குச் சாய்ந்து காதைக் கொடுத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து ஊர் திரும்புகிற பஸ் ஒரகடத்தை விட்டுக் கிளம்பியது.

நேற்று மேனேஜர் அறையில் முதலில் டீ வந்தது. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவனுக்குத் திட்டு கிடைத்திருக்கிறது, மெமோ கிடைத்திருக்கிறது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கிடைத்திருக்கிறது, டீ கிடைத்ததில்லை. “உக்காருங்க ஏகாம்பரம். புது மெஷின் வருதில்ல, அது வந்தா ரெண்டு பேர் செய்யறத ஒரு ஆளே செஞ்சிடலாம். நீங்கதான் பாக்கப் போறீங்க” என்றார். “அப்போ சீலன், சார்?” என்று கேட்டான். கேட்டானே, அந்த மட்டில் கேட்டான், அதைக்கூட கேட்காமல் வந்திருந்தால் இன்னும் கேவலம். “அவருக்கு வேலை இருக்காது. ஒண்ணாம் தேதி நாங்களே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பிடுவோம். அதுவரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன், வெளியே போச்சுன்னா யாருன்னு எனக்குத் தேட வேண்டியதில்ல. அப்புறம் உங்களுக்கும் அதே ஒண்ணாம் தேதிதான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏகாம்பரம் “சரி சார்” என்றான். டீயை முழுசாகக் குடித்தான். அந்த டீதான் இப்போது நெஞ்சைக் கரிக்கிறது, பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம், ஒரு ரோஷத்துக்காவது ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கலாம், சர்க்கரை கூடுதலாக நன்றாக வேறு இருந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒண்ணாம் தேதிக்கு நாள் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பான். இன்று காலை இதே பஸ்ஸில், இதே சீட்டில், சீலன் அடுத்த குண்டைப் போட்டான். செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்களாம், இன்று சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்று சொல்ல வேண்டுமாம். “வேணாம்னு சொல்லிடப் போறேன் மச்சான். வூட்டுக்குப் போயி பொறுமையா போன் போட்டு மரியாதையா சொல்லணும். இங்க புது மெஷின் வருது, என்ன வுட்டா அத எவன் ஓட்டுவான் சொல்லு?” ஏகாம்பரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டைப் பார்த்தான். ஆக, விஷயம் இவ்வளவுதான். அய்யம்பேட்டையில் சீலன் இறங்குவதற்குள் அவன் வாயைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த வேலையை வுடாதடா. எண்ணிப் பார்த்தால் மூன்று சொல். குழந்தைகூட சொல்லிவிடும்.

“எவ்ளோ நேரம் முன்னாடி தெரியுமாம்?” என்று அன்வர் பாஷா கேட்டார். வயதில் மூத்தவர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், இந்த விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. “அரை மணி நேரம் பாய்” என்றான் சீலன், “முதலாளி அவன காரிடார்ல நிறுத்திச் சொல்லியிருக்கான். அப்படியே சொல்றான் கேளுங்க, கிழவனுக்குக் கண்ணுல தண்ணி.” கேட்டார்கள். பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியிலும் இங்கிலீஷ் பாதி புரியவில்லை, ஆனால் நால்வருக்கும் அந்தக் கதை மனப்பாடம். ரேஞ்சர் கோல் என்று ஒரு சாம்பியன், முழங்கால் வரை தொங்குகிற பழுப்புக் கோட்டு போட்டு வருவான். அவனை எதிர்த்து பிரின்ஸ் வால்டன். எழுதி வைத்த கதைப்படி வால்டன் கோலை மல்லாத்தி அமுக்குவான், ரெஃபரி டோனி பெக் தரையில் தட்டி எண்ணுவான், மூன்று தட்டுக்குள் தோளைத் தூக்காவிட்டால் தோல்வி, கோல் இரண்டாவது தட்டிலேயே தோளைத் தூக்கிவிட வேண்டும். கோல் தூக்கினான். நன்றாகவே தூக்கினான், ஊரே பார்த்தது. பெக் மூன்றாவது தட்டைத் தட்டிவிட்டான். மணி அடித்துவிட்டது. சாம்பியன் பெல்ட் போயிற்று, அடுத்த வாரம் கோலே போய்விட்டான். முதலாளி அவனைக் கழற்றிவிட முடிவு செய்திருந்தான், அது கோலைத் தவிர மேலிடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பெக்குக்கும் தெரியும் என்பதுதான் இன்றைய புதுச் செய்தி. யார் ஜெயிப்பது, யார் தோற்பது, யார் யார் முதுகில் குத்துவது என்று முன்கூட்டியே உட்கார்ந்து எழுதுகிற வேலைக்குப் புக்கிங் என்று பெயர். இந்த நால்வரும் இந்தப் பஸ்ஸில் இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்துவருவது அந்தப் புக்கிங்கைத்தான். சண்டை நிஜம் இல்லை என்று தெரிந்துகொண்டே அது சரியாக நடக்கவில்லை என்று மல்லுக்கு நிற்கிறவர்களை என்ன சொல்வது, வீட்டில் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள், அடித்துக்கொண்டிருக்கிறார்கள். “புக்கிங்கே தப்பு” என்றார் பாய். “பெல்ட்ட நேர்மையா வால்டனுக்குக் குடுத்திருக்கலாம். கோலே குடுத்திருப்பான்.” “எங்க குடுத்திருப்பான்?” என்றான் லோகு, அவன் எப்போதும் முதலாளி கட்சி, “வெளிய போறவன் கையில பெல்ட்ட வுட்டு வெக்க முடியுமா? கம்பெனி நடத்தணும் இல்ல?” “அவன் எங்கடா வெளிய போறேன்னு சொன்னான்? இன்னொரு கம்பெனிக்காரன் கூப்பிட்டப்போ வரமாட்டேன்னு சொன்னவன்டா அவன்” என்றான் சீலன். ஏகாம்பரம் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். இந்தச் சங்கதியை எத்தனை முறை கேட்டிருப்பான், கூப்பிட்டார்கள், போகவில்லை, நம்பி இருந்தான், நட்டாற்றில் விட்டார்கள். ஒரு நாளும் இது இப்படி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததில்லை. வாரணவாசி வந்தால் சொல்லிவிடலாம். அங்கே பஸ் நிற்கும், நாலைந்து பேர் இறங்குவார்கள், அந்தச் சலசலப்பில் காதோரம் சொல்லிவிடலாம்.

வாரணவாசி வந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். சலசலப்பும் இருந்தது. ஏகாம்பரம் எச்சிலைக் கூட்டி விழுங்கினான், பஸ் நகர்ந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சினிமா மாதிரி தெரிகிறது, அதுதான் கஷ்டம். சீலன் வாயில் எதுவும் தங்காது. கேன்டீன் சாம்பாரில் புழு கிடந்தபோது எல்லோரும் ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள், சீலன் மட்டும் அந்தத் தட்டை அப்படியே ஏந்திக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு நேராகப் போனான், கதவைத் தட்டக்கூட இல்லை. இதைச் சொன்னால் நாளைக் காலை அப்படியேதான் போவான், என்னை அனுப்பப் போறீங்களாமே என்பான், யார் சொன்னது என்று கேட்கவே மாட்டார் மேனேஜர், அவருக்குத் தெரியும். சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னால்? சீலன் சத்தியம் செய்வான், செய்துவிட்டு ராத்திரி பூரா புரளுவான், காலையில் போய்க் கத்துவான். ஏகாம்பரத்துக்கும் வீடு இருக்கிறது. கோமளா இந்த மாதம் முழுக்கப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது, அவள் ஒரு தும்மலைக்கூட யோசித்துத்தான் தும்முகிறாள். அவளிடம் போய், வேலை போச்சு, சிநேகிதனைக் காப்பாத்தினேன் என்று சொல்ல முடியுமா. சரி, அப்போ சொல்லாதே. சொல்லாமல் இருந்தால் சீலன் இன்று செய்யாறு வேலையை வேண்டாம் என்பான், ஒண்ணாம் தேதி இதுவும் போகும், இரண்டும் இல்லாமல் நாற்பது வயதில் நடுத்தெருவில் நிற்பான், அவன் இடத்தில் எதிரே யாரும் இல்லாத லைனில் புது மெஷினை ஏகாம்பரம் ஓட்டுவான். அப்போ சொல். சொன்னால் கோமளா. சொல்லாவிட்டால் சீலன். செக்குமாடு மாதிரி மனசு இந்த இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் பஸ் கொஞ்சம் முன்னே போயிருந்தது. எதிரே வெயில், கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடித்தது. கண்ணை மூடினால் சிவப்பாகத் தெரிந்தது, அந்தச் சிவப்புக்குள் ஒரு சின்ன நப்பாசை, ஒரு வேளை மாற்றிவிடுவார்களோ. கடைசி நிமிஷத்தில் மாற்றுவார்கள், அது அவர்களுக்கு வழக்கம்தானே, இன்னார்தான் தோற்கப் போகிறான் என்று ஊரெல்லாம் கசிந்த பிறகு அன்று சாயங்காலமே கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவார்கள். யார்? மேனேஜரா? மல்யுத்தக் கம்பெனிக்காரர்கள். இரண்டும் எப்போது ஒன்றாகக் கலந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு டியூஷன் வாத்தியார், எல்லாம் பேசி வைத்துக்கொண்டு விழுகிறான்டா முட்டாளே, என்று சொன்ன அன்று ஏகாம்பரம் சாப்பிடாமல் படுத்தான். மறுநாள் யோசித்தபோது ஒரு நிம்மதி வந்தது. பேசி வைத்துக்கொண்டு விழுந்தால் யாருக்கும் அடிபடாது. அந்த நிம்மதியோடுதான் இத்தனை வருஷம் பார்த்தான்.

“ரெஃபரி செஞ்சது பச்சத் துரோகம்” என்று பாய் பின்னாலிருந்து ஆரம்பித்தார். “கோலும் அவனும் ஒரே ஊர்க்காரங்க. ஒரே கார்ல வந்து போனவங்க. அரை மணி நேரம் இருந்துச்சுல்ல, போயி காதுல ஒரு வார்த்த, அவ்ளோதான? பேட்டியில வந்து அழுதா ஆச்சா?” ஏகாம்பரம் தலையைத் திருப்பவில்லை. பாய் சாந்தமான மனுஷர், தொழுகைக்குப் போகும்போது எதிரில் வருகிற நாய்க்கும் வழிவிடுகிறவர், அவர் வாயிலிருந்து இப்படி வந்தால் அது ஊர் தீர்ப்பு. “அது எப்படி பாய் அவ்ளோ ஈஸியா சொல்றீங்க” என்றான் சீலன். ஏகாம்பரம் திரும்பினான். சீலன் நிறுத்தவில்லை. “பாவம் பாய் பெக்கு. அவனுக்குச் சம்பளம் குடுக்கறவன் சொல்றான், நீ தட்டலன்னா இன்னொருத்தன் தட்டுவான், நீ வூட்டுக்குப் போன்னு. புள்ள குட்டிக்காரன் என்ன பண்ணுவான்? கெட்டவன் முதலாளி. இவன் கை. கைய போயி வெட்டுவீங்களா?” சீலன் நெற்றியில் வியர்வை, கண்ணில் அந்த நியாயக்காரனின் வெளிச்சம், புழு கிடந்த தட்டை ஏந்திக்கொண்டு போனபோது இருந்த அதே வெளிச்சம். ஏகாம்பரம் அழுதுவிடுவோமோ என்று பயந்து ஜன்னல் கண்ணாடி ஆடாமல் இருக்கச் செருகியிருந்த அட்டைத் துண்டை எடுத்து, மறுபடி செருகினான். மன்னித்துவிட்டான். சீலன் தனக்கே தெரியாமல் இவனை முன்கூட்டியே மன்னித்துவிட்டான். எவ்வளவு நல்லவன். உடனே அடுத்த நினைப்பு வந்தது, வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே கூசியது: அப்போ சொல்லாவிட்டாலும் பரவாயில்லையோ. ஒண்ணாம் தேதிக்குப் பிறகு ஒரு நாள், சீலா எனக்குத் தெரியும்டா, கோமளா இப்படி இருந்தா, என்று சொன்னால், நீ என்ன பண்ணுவ மச்சான் என்றுதான் சொல்வான், இதோ இப்போதே சொல்லிவிட்டானே, சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சீ. இப்படியா ஒரு மனசு புத்தி சொல்லும். அடுத்தவன் நல்ல குணத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே கிணற்றில் தள்ளுவதா. ஏகாம்பரத்துக்குத் தன்னைப் பிடிக்கவில்லை. ரொம்பப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததால் வாய் திறந்துவிடவும் இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று தோன்றியது. நேராகச் சொன்னால்தானே நான் சொன்னேன் என்று ஆகும். “கோல் மேலதான் தப்பு” என்றான் சத்தமாக. மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் வாயைத் திறக்காதவன் திறந்தால் இப்படியா என்று லோகு புருவத்தைத் தூக்கினான். “இன்னொருத்தன் கூப்பிட்டான் இல்ல? போயிருக்கணும். இங்க நம்மள வெச்சி சோறு போடுவான்னு நம்பிக்கினு கெடக்கக் கூடாது. எந்தக் கம்பெனியும் அப்படி வெச்சிருக்காது சீலா. கூப்பிடும்போது போயிடணும்டா. அன்னைக்கே, உடனே போயிடணும்.” சீலா என்று பெயர் சொல்லியாயிற்று. உடனே என்று சொல்லியாயிற்று. குரல்கூட நடுங்கியது. இதற்குமேல் எந்த மடையனுக்கும் புரிந்துவிடும். சீலன் அவனை உற்றுப் பார்த்தான், ஒரு நொடி, இரண்டு நொடி. “டேய், கோலப் பத்தி நீயாடா இப்படிப் பேசற?” என்று சீலன் அவன் தொடையில் ஓங்கி அறைந்தான். “சின்ன வயசுல கோல் படம் போட்ட சீட்டுக்கு ரெண்டு சீட்டு குடுத்து வாங்கினேன்னு சொன்னவன் நீதான? பெல்ட்ட வுட்டுட்டு ஓடினா அவன் கோலே இல்லடா. நம்பி நின்னான் பாரு, அதான்டா அவன் கெத்து.” “ஏகா இன்னைக்குக் கட்சி மாறிட்டான்பா” என்று லோகு கைதட்டினான். “நல்லவனா இருந்தவன் திடீர்னு வில்லனா மாறுவான்ல, அந்த மாதிரி.” பாய் சிரித்தார். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் விழித்து, என்ன, யார் ஜெயித்தது என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினான். இவர்களோடு இதுதான் தொல்லை. இத்தனை வருஷமாக எது சொன்னாலும் அது கதைக்குள்ளே போய்விடுகிறது. பாய்க்கு நெஞ்சுவலி வந்து லைனிலேயே உட்கார்ந்தபோது லோகு, விழுந்தவனுக்கு ரெஃபரி எண்ணுகிற மாதிரி பத்து எண்ண ஆரம்பித்தான், ஒன்பது வரை எண்ணிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஐந்து நிமிஷம் தாமதம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சண்டையில் எவனுக்காவது நிஜமாகவே கழுத்து ஒடிந்தால், கால் முறிந்தால், ரெஃபரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே போடுவான், பெருக்கல் குறி மாதிரி. கதை நிற்கட்டும், இது நிஜம், ஆளைத் தூக்குங்கள் என்று அதற்கு அர்த்தம். மல்யுத்தம் பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய குறி கிடையாது, அதைக் கண்டால் எந்தக் கொம்பனுக்கும் சிரிப்பு நின்றுவிடும். ஏகாம்பரம் ஒரு முறைதான் டிவியில் பார்த்திருக்கிறான், அன்று இரவு லைட்டை அணைக்காமல் படுத்தான். சீலன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் அதைக் காட்டினால்? பேசவே வேண்டாம். மேனேஜர் கேட்டால், நான் வாயைத் திறக்கவில்லை சார் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். யோசித்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும் என்று யோசிக்காமல் எழுந்தான். பஸ் ஆடியது, ஒரு காலை சீட்டுக் காலில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே போட்டான். சீலனை மட்டும் பார்த்தான். முகத்தில் சிரிப்பு எதுவும் சேர்க்காமல், கெஞ்சுகிற மாதிரி. சீலன் முகம் மெல்ல விரிந்தது. அவனும் எழுந்து கையைத் தூக்கிக் குறுக்கே போட்டான். லோகு போட்டான். பாய் உட்கார்ந்தபடியே போட்டார். பின்னால் பெயிண்ட் செக்‌ஷன் ஆட்கள் மூன்று பேர், அவர்களுக்கு மல்யுத்தமும் தெரியாது ஒன்றும் தெரியாது, அவர்களும் போட்டார்கள். தப்பு இவர்கள் மேல் இல்லை. டிபன் பாக்ஸ் காலியானால் இந்தக் குறி, டிரைவர் அண்ணன் சடன் பிரேக் போட்டால் இந்தக் குறி, லோகுவுக்குப் பெண் பார்த்துக் கைகூடாமல் போனபோது ஒரு வாரம் பஸ்ஸில் இந்தக் குறி. இருந்த ஒரே ஒரு நிஜமான குறியையும் எல்லோரும் சேர்ந்து விளையாடியே தேய்த்துவிட்டார்கள், அவனும்தான் தேய்த்தான். “உக்காருப்பா கீழ வுழப் போற” என்று டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். ஏகாம்பரம் உட்கார்ந்தான். கை இரண்டும் கனத்துக் கிடந்தது.

வாலாஜாபாத்தில் பாய் இறங்கினார், இறங்குகிற வரைக்கும் ரெஃபரியை அவர் மன்னிக்கவில்லை. லோகு ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனான். இதைவிட வசதி கிடைக்காது. பக்கத்தில் சீலன், தோளோடு தோள், காதுக்கும் வாய்க்கும் ஒரு சாண். சீலன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அய்யம்பேட்டைக்கு எவ்வளவு தூரம், பத்து நிமிஷம் இருக்கும், லாரி மாட்டினால் கூடும். லாரி மாட்டட்டும் சாமி, ஒரு நாலு லாரி வரிசையாக மாட்டட்டும். ஏகாம்பரம் தன் போனை எடுத்தான். செய்யாறு வேலையை விடாதே என்று தட்டினான். அனுப்பிவிட்டு அழித்துவிடலாம். அழித்தால் அழித்தது என்று அங்கே காட்டுமே, சீலன் என்னடா அழிச்ச என்று சத்தமாகக் கேட்பானே. தட்டியதை ஒவ்வோர் எழுத்தாகப் பின்னுக்கு அழித்தான், விடாதே, விடா, வி. போனை உள்ளே வைத்தான். மறுபடி எடுத்து கோமளா ஏதாவது அனுப்பியிருக்கிறாளா என்று பார்த்தான், அனுப்பியிருந்தாள், வரும்போது மாதுளம்பழம் வாங்கி வரச் சொல்லி. மாதுளம்பழம். நல்ல பழமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு நிமிஷம் முழுக்க மாதுளம்பழத்தையே நினைத்துக்கொண்டிருந்தான், எந்தக் கடை, எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவு சுகமாக இருந்தது, அப்புறம் திடுக்கிட்டு வெளியே பார்த்தால் பஸ் பாதித் தூரம் வந்துவிட்டிருந்தது. சீலனின் தொடை அவன் தொடையில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. லைனில் ஒரு தடவை ஏகாம்பரத்தின் விரல் பிளேடுக்குள் போக இருந்தது, எதிரே நின்ற சீலன் யோசிக்கவே இல்லை, சிவப்புப் பட்டனை ஓங்கிக் குத்தினான், முழு லைனும் நின்றது, அதற்கு அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் ஏகாம்பரத்துக்கு இந்த ஆள்காட்டி விரல் இருந்திருக்காது. அந்த விரலைப் பார்த்தான். இதற்கு என்ன பெயர் வைப்பது, நன்றிகெட்டவன் என்பதா, பயந்தாங்கொள்ளி என்பதா, குடும்பஸ்தன் என்றுதான் ஊர் சொல்லும். சொல்லிவிடு. ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் சொல்லிவிடு. எண்ணினான். மூன்றுக்குப் பிறகு நான்கு வந்தது, ஐந்து வந்தது. அவன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனான்.

அய்யம்பேட்டை. சீலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். பஸ் வேகம் குறைந்தது. ஏகாம்பரத்துக்கு, என்ன ஆனாலும் ஆகட்டும், கோமளா, மேனேஜர், எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று எங்கிருந்தோ ஒரு முரட்டுத்தனம் வந்தது, தானும் எழுந்து சீலன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். “சீலா. நில்லு. அந்த செய்யாறு...” வந்துவிட்டது. வாயை விட்டு வந்தேவிட்டது. சீலன் திரும்பினான். “அதுவா? அது மத்தியானமே முடிஞ்சிடுச்சுடா. சாப்பாட்டு நேரத்துல அவங்களே கூப்ட்டாங்க. வரலன்னுட்டேன். சரி சார், அப்போ அடுத்த ஆளப் போட்டுக்கறோம்னு வெச்சிட்டாங்க.” மத்தியானமே. முடிந்துவிட்டது. ஏகாம்பரத்தின் முதுகெலும்பில் சில்லென்று ஒன்று இறங்கியது, அது என்னவென்று யோசிப்பதற்குள் அது நிம்மதி என்று புரிந்துவிட்டது. பஸ் ஏறும்போதே முடிந்துபோயிருக்கிறது. வாரணவாசியில் சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, வாலாஜாபாத்தில் சொல்லியிருந்தாலும் இல்லை, அவன் ஒன்றும் செய்திருக்க முடியாது, அவன் மேல் தப்பு இல்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சீலன் தோளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். சீலன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். “நெஜத்தைச் சொல்லட்டுமா மச்சான். போன் வந்தப்போ ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன், போயிடலாமான்னுகூட தோணுச்சு. கேன்டீன் வாசல்ல நின்னுதான் பேசினேன், உள்ள நீ உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்த. நேத்து மேனேஜர் ரூம்ல அவ்ளோ நேரம் இருந்துட்டு வந்தவன் நீ. நம்ம வேலைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா இவன் என்கிட்ட சொல்லாம சோறு தின்னுவானான்னு நெனச்சேன். அப்படியே தைரியம் வந்துடுச்சு, வரலன்னு சொல்லிட்டேன்.” சிரித்தான். “சரிதான?”

“சொல்லாம இருப்பேனாடா” என்றான் ஏகாம்பரம், குரல் கொஞ்சமும் பிசிறாமல்.